குரைக்கிற நாய்க்குக் கண்ணி குறைக்கிற கணக்கு

“ஏங்கண்ணு, இத ரெண்டு பேரு உக்காந்து பின்னுனீங்களா?”

ஸ்வெட்டரைக் கையில் வாங்கிய மூன்றாவது நொடியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். இருபது வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் பார்த்துவிடும். அது நாய்க்கான ஸ்வெட்டர். கோத்தகிரியில் இருக்கும் சித்தி வீட்டுச் சிப்பிப்பாறைக்கு, மார்கழிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று திருப்பூர் மண்ணரையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். நெஞ்சுப் பக்கம் அகலம், வயிற்றுப் பக்கம் ஒடுக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர, வயிற்றின் இரண்டு ஓரத்திலும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன். ஒரு ஓரத்தில் அந்தக் குறைப்பு, வகிடு எடுத்ததுபோல் நேராகப் போயிற்று. மற்ற ஓரத்தில் ஏணிப்படி. ஒவ்வொரு படியிலும் ஒரு கண்ணி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“இல்லீங்க்கா, நான் ஒரு ஆளுதான்.”

“அப்ப வலக்கைக்கும் எடக்கைக்கும் ஆகல போல” என்று சிரித்துவிட்டுப் போனார்.

என் கையைக் குற்றம் சொன்னதில் எனக்கு ரோஷம்தான். நான்கு நாள் உட்கார்ந்து யோசித்ததில், குற்றம் கையில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. மீதி நூல் வரும் திசையில் இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊத்துக்குளி ரோட்டிலிருந்து மூளிக்குளம் பக்கமாக நடந்தால் எந்தச் சந்திலும் நிட்டிங் ஓடும் சத்தம் கேட்கும். 30 அங்குல டயா, 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் வட்டமாக சுமார் 2,260 ஊசிகள் நிற்கும். சுற்றளவை கேஜால் பெருக்கினால் வருகிற எண் அது. முதல் சுற்றில் 2,260 கண்ணி என்றால் கடைசிச் சுற்றிலும் 2,260தான். குழாய்போல ஒரே அகலத்தில் துணி இறங்கும். அந்த மெஷினுக்குக் கண்ணியைக் குறைக்கத் தெரியாது. இடுப்பு ஒடுங்க வேண்டும், கை வளைய வேண்டும் என்றால் அது கட்டிங் மாஸ்டர் பாடு. அவர் வெட்டிய ஓரத்தில் அறுபட்ட கண்ணிகள் திறந்து கிடக்கும். ஓவர்லாக் அடித்து அடைப்பார்கள். விழுந்த துண்டுகள் கட்டிங் வேஸ்ட்டாக மூட்டை கட்டப்பட்டு, எடை போட்டு விலைக்குப் போகும். காலர் போடுகிற பிளாட் மெஷின்கள் ஊரில் நிறைய உண்டு. அவையும் பெரும்பாலும் நேர்ப்பட்டையாகவே காலரை இறக்குகின்றன. ஆக, உலகத்துக்கே பனியன் பின்னுகிற ஊரில், கண்ணி குறைப்பதில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

கண்ணி குறைப்பதில் எதையும் அறுப்பதில்லை. இரண்டு கண்ணிகளுக்குள் ஒரே நேரத்தில் ஊசியை நுழைத்து, அவற்றின் வழியாக ஒரே ஒரு புதுக் கண்ணியை இழுத்தால் இரண்டு ஒன்றாகிவிடும். ஒன்று முன்னால், இன்னொன்று அதன் முதுகுக்குப் பின்னால். இரண்டையும் மேலே இருக்கும் கண்ணி பிடித்துக்கொள்வதால் எதுவும் அவிழாது. எது முன்னால் வருகிறது என்பதில்தான் சாய்வு இருக்கிறது. இடது கண்ணி முன்னால் வந்து வலதை மூடினால் குறைப்பு வலப்பக்கம் சாயும். வலது கண்ணி இடதை மூடினால் இடப்பக்கம் சாயும். வயிற்றின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று பார்த்துச் சாய வேண்டும் என்பதால் இரண்டு வகையும் தேவைப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். வலப்பக்கம் சாய்வதற்கு ஒரே அசைவு போதும்: ஊசியை இரண்டிலும் சேர்த்து நுழைத்து இழுத்துவிடலாம். இடப்பக்கம் சாய்வதற்கு மூன்று அசைவு. முதல் கண்ணியைத் திருப்பி வலது ஊசிக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதையும் அப்படியே மாற்ற வேண்டும். பிறகு இரண்டையும் பின்பக்கமாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஊசி நுனி கண்ணியைக் கொஞ்சம் அகட்டிவிடுகிறது. அதிகமாக அகட்டப்படுவது முதலில் மாற்றிய கண்ணி. கடைசியில் எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் வந்து நிற்பதும் அதுவே. ஏணிப்படி அப்படித்தான் பிறந்தது. நாம் பின்னுவது எப்போதும் வலமிருந்து இடம். அதனால் இடச்சாய்வும் வலச்சாய்வும் கண்ணாடியில் பார்த்த ஒரே உருவம்போல் தோன்றினாலும், கையில் நடக்கிற வேலை கண்ணாடி உருவம் இல்லை. இடக்கைப் பழக்கத்தில் இடமிருந்து வலமாகப் பின்னுகிறவர்களுக்கு ஏணி மற்ற ஓரத்தில் விழும்.

அகட்டுவதற்கு வேண்டிய நூல் எங்கிருந்து வந்தது? உருண்டையிலிருந்து வரவில்லை, அந்த வரிசையைப் பின்னி முடித்தாயிற்று. பக்கத்துக் கண்ணிகளிடமிருந்து கைமாத்து வாங்கியது. ஒரு கண்ணி பெருத்தால் அதன் இரு பக்கமும் சில கண்ணிகள் இளைத்திருக்கும். ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாய் பிளந்த ஒவ்வொரு கண்ணிக்கும் இடமும் வலமும் இரண்டு மூன்று கண்ணிகள் இறுகி ஒடுங்கிக் கிடந்தன.

கைமாத்து ஏன் இரண்டு மூன்று வீட்டோடு நின்றுவிடுகிறது என்பதற்கு மாட்டுக்காரர்களிடம் விடை இருக்கிறது. முரட்டுக் காளையின் கயிற்றை வெறும் கையால் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் நுனியைச் சின்னப் பையன் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சுற்றச் சுற்ற உராய்வு கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால் இரண்டு சுற்றில் இழுவிசை 40 மடங்குக்கு மேல் குறைந்துவிடும். பின்னலில் நூல் ஒரு கண்ணியைக் கடப்பதற்குள் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு என்று தோராயமாக ஒரு முழுச் சுற்று வளைகிறது. அதே 0.3ஐப் போட்டால் ஒரு கண்ணி தாண்டியதும் இழுப்பு ஆறில் ஒரு பங்கு, மூன்று கண்ணி தாண்டினால் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. தூரத்துக் கண்ணிக்கு இங்கே நடந்த திருட்டே தெரியாது. இது தோராயக் கணக்குதான். ஆனால் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்ததோடு ஒத்துப்போயிற்று.

மெஷினிலும் இந்தத் திருட்டு உண்டு. ஊசி கீழே இறங்கித் தன் கண்ணியை இழுக்கும்போது, கோனிலிருந்து வரும் நூலை மட்டும் எடுப்பதில்லை. சற்று முன் பக்கத்து ஊசி போட்ட கண்ணியிலிருந்தும் கொஞ்சம் பின்னோக்கிப் பிடுங்கிக்கொள்கிறது. நாப்டன், மன்டன் என்ற இருவர் 1966இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். திருப்பூர் மெஷின்களில் பாசிட்டிவ் ஃபீடர் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் நூல் என்று அளந்து ஊட்டுவது அதன் வேலை. ஊசிகள் தங்களுக்குள் எப்படிப் பிடுங்கிக்கொண்டாலும் மொத்தம் மாறாது. கையால் பின்னுகிறவருக்கு ஃபீடர், சுட்டுவிரலில் சுற்றிய நூல் ஒன்றுதான்.

மன்டன் என்ற அந்தப் பெயரை நிட்டிங் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1959இல் அவர் சொன்னது ரொம்ப எளிமையானது. துணியின் எல்லாக் குணத்தையும் ஆட்டுவது லூப் லென்த், அதாவது ஒரு கண்ணிக்குள் அடங்கிய நூலின் நீளம். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி என்பது 3.8ஐ அந்த நீளத்தால் வகுத்தால் வரும். உயரத்தில் எத்தனை வரிசை என்பது 5ஐ வகுத்தால் வரும். இழுப்பு எதுவும் இல்லாமல் ஓய்ந்து கிடக்கும் சாதாப் பின்னலுக்கான எண்கள் இவை. நிட்டிங் கம்பெனியில் லூப் லென்த் பார்ப்பது எப்படி என்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். துணியில் நூறு கண்ணி எண்ணிக் கோடு போட்டு, அந்த வரிசை நூலை உருவி, சுருக்கம் போக நேராக்கி அளந்து நூறால் வகுப்பார்கள். பனியன் துணிக்கு ஏறக்குறைய 2.7, 2.8 மில்லிமீட்டர் வரும். என் ஸ்வெட்டரில் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 28 வரிசை. மன்டன் கணக்கைத் திருப்பிப் போட்டால் கண்ணிக்கு 17 மில்லிமீட்டர். பனியனைவிட ஆறு மடங்கு பெரிய கண்ணி. ஆனாலும் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 28க்கு 22, கிட்டத்தட்ட 1.3. மன்டனின் 5க்கு 3.8உம் அதே 1.3தான். எந்தச் சந்திலோ ஓடுகிற மெஷினும் என் கையும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன என்று கண்டபோது, அக்காவின் கேலி கொஞ்சம் ஆறிப்போயிற்று.

அந்த 17 மில்லிமீட்டர் 19 ஆனால் என்ன ஆகும்? பார்க்கப்போனால் இரண்டு மில்லிமீட்டர். ஆனால் கண்ணி அகலத்திலும் வளர்கிறது, உயரத்திலும் வளர்கிறது. துணி முழுக்க அப்படி இருந்தால் ஒவ்வொரு கண்ணியின் பரப்பும் நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரே ஒரு கண்ணி மட்டும் அப்படிப் பெருத்து, பக்கத்தில் இருப்பவை இளைத்தும் போனால், கண் அங்கேயேதான் போய் நிற்கும்.

வைத்தியம் நூல் கணக்கைப் பார்த்தாலே தானாக வருகிறது. வேலை நடக்கும்போது செய்ய வேண்டியது, அகட்டாமல் இருப்பது. ஊசியின் தடித்த உடம்பில் கண்ணியை ஏற்றாமல் நுனியிலேயே மாற்ற வேண்டும். முதல் கண்ணியை மட்டும் திருப்பி மாற்றி, இரண்டாவதைத் திருப்பாமல் அப்படியே மாற்றினால் பின்னால் போகிற கண்ணி முறுகி இன்னும் உள்ளே ஒளிந்துகொள்ளும். முன்னால் நிற்பது ஒழுங்காகப் படியும். அதன் பிறகும் தளர்ந்தால், அடுத்த சுற்றில் அந்தக் குறைப்புக்கு மேலே வரும் கண்ணியைப் பின்வழியாக நுழைத்துப் பின்னலாம். அடி திருகிக்கொள்வதால் மிஞ்சிய நூலில் கொஞ்சம் அந்தத் திருகலுக்குச் செலவாகிவிடும். மூன்றையும் மாதிரித் துண்டில் போட்டுப் பார்த்ததில் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. மூன்றாவதில் வரிசை கயிறு முறுக்கியதுபோல் தெரிகிறது. சிலருக்கு அது அழகு.

பின்னி முடித்ததைப் பிரிக்க மனம் வராதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கைமாத்தைத் திருப்பிக் கொடுப்பது. மொட்டை முனைத் தையல் ஊசியால் வாய் பிளந்த கண்ணியின் ஒரு காலை மெல்ல நெம்பி, மிச்ச நூலைப் பக்கத்துக் கண்ணிக்குத் தள்ள வேண்டும். அதிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. இடம் இரண்டு மூன்று, வலம் இரண்டு மூன்று. ஒரே கண்ணியில் முழுவதையும் கொட்டினால் ஏணி பக்கத்துத் தெருவுக்குக் குடிபோகுமே தவிர மறையாது. ஒரு குறைப்புக்கு ஒரு நிமிடம் பிடிக்கிறது. இருபது குறைப்புக்கு ஒரு சீரியல் பார்த்து முடித்துவிடலாம். அதற்குப் பிறகு நனைத்து, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாகப் பரப்பி உலர்த்தினால் மீதி வேலையைக் கம்பளியே செய்துகொள்ளும்.

கம்பளி என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் முதலில் தொட்டது ஊர் வழக்கப்படி பருத்தி. வீட்டில் மிச்சமிருந்த கோன் நூலைப் பல புரியாகச் சேர்த்துப் பின்னிப் பார்த்தேன். பருத்தி செய்த தப்பை அப்படியே ஞாபகம் வைத்திருக்கும். கம்பளி இழைக்குப் பிறவியிலேயே சுருள் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். அதனால் சின்னத் தளர்ச்சிகளை அது உறிஞ்சிவிடுகிறது. ஆனால் பருத்தியில் பின்னிய பனியனும் இழுத்தால் நீள்கிறதே என்று கேட்கலாம். அங்கே நூல் நீளுவது சொற்பம். கண்ணியின் வளைவுதான் நிமிர்ந்து கொடுக்கிறது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு கோணத்தில் காட்டியது. ஒரே நூலை நான்கு விதமாகப் பின்னி இழுத்துப் பார்த்தார்கள். கண்ணிகளை முன்னால் இழுப்பதா, பின்னால் இழுப்பதா, எந்த அடுக்கில் என்பது மட்டுமே மாறியது. துணியின் நெகிழ்ச்சி தலைகீழாக மாறிவிட்டது. அந்த அம்மாள் இயற்பியல் பேராசிரியர், கையால் பின்னுகிறவரும்கூட.

ஏணி விவகாரம் இத்தோடு முடிந்தது. ஸ்வெட்டரில் இன்னொரு கோணலும் இருந்தது, அதை அக்கா சொல்லவில்லை. பாதி வழியில் வயிற்றுக்கோடு திடீரென்று மடங்கியதுபோல் திரும்பியது. இது கண்ணியின் தப்பில்லை, என் வகுத்தல் தப்பு.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துகிற சாதி. (கன்னி நாய்க்குக் கண்ணி குறைப்பது என்று நான்கு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.) நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கியிருக்கும், வயிறு மேலேறி ஒட்டியிருக்கும். முதுகு கிட்டத்தட்ட நேர்கோடு. ஒடுக்கம் முழுவதும் அடிப்பக்கத்தில். அதனால்தான் சுற்றிலும் சமமாகக் குறைக்காமல் வயிற்றோரம் இரண்டு கோட்டில் மட்டும் குறைக்க வேண்டியிருக்கிறது. உடம்பில் கொழுப்பும் குறைவு, ரோமமும் குட்டை. மலைக்குளிருக்கு அதற்கு ஸ்வெட்டர் நியாயம். திருப்பூரில் மாட்டிவிடுவது பாவம். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டுத்தான் இறக்க வேண்டும்.

சித்தி அனுப்பிய அளவு நெஞ்சு 64 சென்டிமீட்டர், இடுப்பு 46. கண்ணிக் கணக்கில் 140இலிருந்து 100. நாற்பது கண்ணி போக வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றாக இருபது முறை. நெஞ்சு முடிந்து இடுப்பு வரும்வரை நீளம் 15 சென்டிமீட்டர், அதாவது 42 வரிசை. கோலம் போடுகிற பழக்கத்தில் நான் யோசித்தேன். நேர்ப்புள்ளி 15இல் தொடங்கி 1 வரை வைத்தால் வரிசைக்கு இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று குறையும். பக்கங்கள் சரியாக 45 பாகையில் சாயும். ஆனால் புள்ளிக்குப் புள்ளி நீளமும் அகலமும் ஒன்று. கண்ணி அப்படி இல்லை, குள்ளமும் அகலமுமானது. வரிசைக்கு ஒன்று குறைத்தால் கோடு செங்குத்திலிருந்து 52 பாகை சாய்ந்துவிடும், இரண்டு வரிசைக்கு ஒன்று என்றால் 32. மன்டனின் அந்த 1.3 இங்கே வந்து காலை வாரிவிடுகிறது.

42ஐ 20ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 2. இரண்டு வரிசைக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே போய், மீந்த இரண்டு வரிசையைக் கடைசியில் சும்மா பின்னிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய், இரண்டு மீதியையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன். மீதியைக் குவித்த இடத்தில் கோடு மடங்கும். பரப்பி வைக்க வேண்டும்: ஒன்பது முறை இரண்டு வரிசை, ஒருமுறை மூன்று, மறுபடி ஒன்பது முறை இரண்டு, ஒருமுறை மூன்று. கணினித் திரையில் சாய்கோடு வரைவதற்கு ஐபிஎம்மில் ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் கண்டுபிடித்த முறையும் அடிப்படையில் இதுவே. புள்ளி முழு எண்ணில்தான் நகரும். மீதியைச் சேர்த்துக்கொண்டே வந்து, நிரம்பும்போது ஒரு படி ஏறு. தாளத்திலும் இது இருக்கிறது. எட்டு அடிக்குள் மூன்று தட்டைச் சமமாகப் பரப்பினால் மூன்று, மூன்று, இரண்டு. உலகில் பல நாட்டு மரபுத் தாளங்கள் யூக்ளிடின் வகுத்தல் முறையிலிருந்தே பிறக்கின்றன என்று காட்ஃப்ரீட் டூசன் என்ற கணினி அறிஞர் 2005இல் எழுதினார். நாய் ஸ்வெட்டரை அவர் சேர்த்ததாகத் தெரியவில்லை.

குறைக்கத் தெரிந்த மெஷின்களும் உலகத்தில் இருக்கின்றன. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589இல் செய்த காலுறைச் சட்டம்தான் முதல் பின்னல் மெஷின். அதில் குறைக்க வேண்டுமானால் ஆள் கையால் ஓரக் கண்ணிகளை எடுத்துப் பக்கத்து ஊசியில் மாட்ட வேண்டும். அதை மெஷினே செய்யும்படி ஆக்கியவர் வில்லியம் காட்டன், 1864இல். விலை உயர்ந்த கம்பளி ஸ்வெட்டரின் கைக்குழி ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வடுக்கள் தெரிந்தால், அது வெட்டித் தைத்ததில்லை, குறைத்துப் பின்னியது என்று அர்த்தம். ஜப்பானின் ஷிமா செய்கி 1995இல் முழு உடுப்பையும் தையலே இல்லாமல் இறக்கும் மெஷினைக் காட்டியது. இந்த மெஷின்களில் ஏணி விழாததற்குக் காரணம் இருக்கிறது. கண்ணியை இடது ஊசிக்கு மாற்றுவதும் வலது ஊசிக்கு மாற்றுவதும் அங்கே ஒரே அசைவின் இரு திசைகள். எங்கள் அக்கா கேட்ட கேள்விக்கு அங்கே வேலையில்லை.

நெம்பி, நனைத்து, உலர்த்தி, மடங்கிய இடத்தைப் பிரித்து மறுபடி பின்னி அக்காவிடம் காட்டினேன். உள்பக்கம் திருப்பினார், விரலை ஓட்டினார், ஜன்னலுக்கு எதிரே பிடித்தார். “பாஸ்” என்றார். ஏற்றுமதிக்கே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

பார்சல் போடுமுன் சித்திக்குப் போன் செய்தேன். பின்னால் குரைக்கும் சத்தம். “அது வளந்துருச்சு கண்ணு. இப்ப நெஞ்சு அறுவத்தெட்டு இருக்குது, இடுப்பு அதே நாப்பத்தாறுதான்” என்றார்.

கட்டிங் போட்ட துணியாக இருந்தால் வேஸ்ட் மூட்டைக்குப் போயிருக்கும். இது நூல். நெஞ்சுவரை உருவி, நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்துத் தொங்கவிட்டேன். கண்ணிகளின் நெளிவு மெல்ல இறங்கியது. 68 சென்டிமீட்டருக்கு 148 கண்ணி. நூறுக்கு வர ஓரத்துக்கு 24 குறைப்பு, அதே 42 வரிசைக்குள். தாளில் போட்டுப் பார்த்தேன். மீதி விழாமல் வந்தது: இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. அதே மாதிரி ஆறு முறை.